இடது காதில் மணி

வில்லசோர்தாவில் ரொட்டி நன்றாக இருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், சார்ஜென்ட். அந்த ஊரைப் பற்றி நான் நல்லதாக எதுவுமே சொல்லவில்லை என்று பிறகு யாரும் குறைப்பட வேண்டாம். பொது அடுப்பில் வாரம் ஒருமுறை சுடுவார்கள். மேலே கெட்டியாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும், அடுத்த வாரம்வரை கெடாது. கோதுமை மண் கொடுத்தது, விறகு காடு கொடுத்தது, அடுப்பு செத்துப்போனவர்கள் கட்டியது. இப்போது உயிரோடு இருப்பவர்கள் செய்வது உப்புப் போடுவது மட்டும்தான். நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மக்காரியோவின் சாவைப் பற்றிப் பேச நானாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அனுப்பவில்லை. அந்த ஊரில் யாருக்கும் என் மேல் புகார் கிடையாது. கேட்டுப் பாருங்கள், நல்ல பையன் என்பார்கள்.

என் பெயர் லெயாந்த்ரோ. வல்லாடோலிட் கல்லூரியில் விவசாயம் படித்தேன். காசில்தா அங்கே தையல் கற்க வந்திருந்தாள். நான் தங்கியிருந்த வீட்டுக்கு எதிர்வீடு. நாங்கள் திருமணம் செய்துகொண்ட வருடமே அவள் அப்பா இறந்தார். நிலத்தையும் ஆடுகளையும் பார்க்க ஆளில்லை. அவள் ஊருக்குப் போக வேண்டும் என்றாள். நானும் போனேன்.

வீட்டோடு மாப்பிள்ளை என்பவன் அந்த ஊரில் கோவேறு கழுதைக்கு ஒரு படி கீழே. கழுதைக்காவது பெயர் உண்டு. என்னை அவர்கள் 'காலேஜ்' என்றார்கள். மதுக்கடையில் நான் நுழைந்தால் ஒருவன் தொப்பியைக் கழற்றுவான்.

"வாங்க காலேஜ். இந்தக் கோதுமைக்கு எது தலை, எது காலுன்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்குடா. ஆனா எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு இவருக்குத் தெரியாது."

இந்த அளவு நகைச்சுவைக்கே அவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் இன்னொருவன் அதையே திரும்பச் சொல்வான். மறுபடியும் சிரிப்பார்கள்.

அந்த ஊரில் எல்லாமே முறை. அடுப்புக்கு முறை, பொதுக் காளைக்கு முறை, வாய்க்காலுக்கு முறை, கல்லறைக் குழி தோண்ட முறை. ஒரு வீட்டின் முறை வந்தால் அந்த வீடு செய்யும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். தவறிப்போய் வேறொருவன் செய்துவிட்டால் அந்த வீட்டைச் சோம்பேறி வீடு என்று ஊரறியச் சொன்னதாக ஆகிவிடும். அடிதடி வரும். கூரை எரிந்தாலும் அணைக்கும் முறை யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார்கள் என்று ஒருமுறை காசில்தாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது ஊர்.

மூடுபனி மணிக்கும் முறை உண்டு. நீங்கள் கீழே ஆற்றோரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அந்தப் பனி தெரியாது. மேட்டு வெளியில் மரம் கிடையாது, வேலி கிடையாது. பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்போது மாதா கோயில் மணியை விடாமல் அடிக்க வேண்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பும்வரை. எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டில் ஒரு பழைய கழி இருக்கும். முறைக்கோல் என்பார்கள். பனி விலகியதும் அதை அடுத்த வீட்டு வாசலில் சாய்த்து வைப்பார்கள். அவ்வளவுதான் சட்டம்.

மேலே ஆட்டுக் கொட்டில்கள் இருக்கின்றன, கல்லால் கட்டியவை. அங்கிருந்து ஊருக்கு வரும் வழியில் பழைய கல்லுக்குழி. ஊரின் எல்லா வீடுகளும் அந்தக் குழியிலிருந்து வெட்டிய கல்தான். மணிச் சத்தத்தை நோக்கி நேராக நடந்தால் அதில் விழ வேண்டியதுதான். அதனால் குழியை நெருங்கும்போது வழி வலப்பக்கம் வளையும். மணியை இடது காதில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சத்தம் மறுபடி முகத்துக்கு நேராக வந்தால் குழியைத் தாண்டியாகிவிட்டது. காசில்தா இதை எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தாள். கண்ணைக் கட்டி என்னை நடக்க வைத்தாள். பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மக்காரியோவின் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே. முறையில் அவர் வீட்டுக்கு அடுத்தது எங்கள் வீடு. நாங்கள் வந்த இலையுதிர்காலத்தில், பனி விலகிய ஒரு காலையில், முறைக்கோல் எங்கள் வாசலில் சாய்ந்திருந்தது.

இங்கே ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். வெளியூர்க்காரன் ஊர்க்காரன் ஆவதற்கு அங்கே ஒரு சடங்கு. கோயில் முற்றத்தில் ஊருக்கே ஒயின் ஊற்ற வேண்டும். ரொட்டி, பாலாடைக்கட்டி. எல்லோரும் குடித்தபின் ஊர்த்தலைவர் அவன் கையைப் பிடித்து, 'இனி உன் வீட்டுப் புகை எங்கள் புகை' என்பார். அதுவரை ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமில்லை, பேச வாயில்லை. நான் ஊற்றவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் போய், என்னை உங்களுக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒயின் ஊற்றிக் கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை. அதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது.

கூட்டத்தில் இடமில்லாதவனுக்கு முறையும் இல்லை. அது தெளிவு. நான் கோலை எடுத்துக்கொண்டு போய் மக்காரியோவின் வாசலில் சாய்த்தேன்.

அவர் வெளியே வந்தார். கழுத்துத் தடித்த, குட்டையான மனிதர். எதைச் சொன்னாலும் ஒரு கண்ணைச் சிமிட்டுவார்.

"என்ன மாப்ளே, வழி தவறி வந்துடுச்சா கோலு?"

"இது என்னோட முறை இல்லை. நான் ஊர்க்காரன் இல்லைன்னு நீங்கதானே சொல்றீங்க."

"உன் முறைன்னு யாருப்பா சொன்னது? உன் மாமனார் வீட்டு முறை. புகைபோக்கில புகை வருதில்ல?"

"வீட்டுத் தலைவன் நான்தான். எனக்கு இடம் இல்லைன்னா வீட்டுக்கும் இடம் இல்லை."

"அப்போ ஒயின ஊத்து. இடம் தர்றோம், கூடவே மணிக்கயிறும் தர்றோம்."

மறுநாள் காலை கோல் எங்கள் வாசலில் இருந்தது. நான் திருப்பி வைத்தேன். அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த இலையுதிர்காலம் முழுவதும் கோல் தெருவைக் கடந்துகொண்டே இருந்தது. ஊர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தது. பனி இறங்கிய நாட்களில், கோல் யார் வாசலில் இருந்தாலும், மக்காரியோ முனகிக்கொண்டே போய் அடித்துவிட்டு வருவார். வந்து என் ஜன்னலைத் தட்டுவார். "இந்தத் தடவையும் உனக்காக இழுத்திருக்கேன், காலேஜ். ஒயினோட அளவு ஏறிக்கிட்டே போகுது."

காசில்தாவுக்குப் பிடிக்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமே இல்லையா? ஒரு கழிய வச்சுக்கிட்டு."

"அவர்தான் ஆரம்பிச்சார்."

"நான் போய் இழுத்துட்டு வர்றேன். எங்க அப்பா இழுத்த கயிறு. எனக்கென்ன."

"நீ இழுத்தா நான் தோத்ததா ஆயிடும்."

"யாருகிட்ட தோக்குறீங்க? ஒரு கெழவன்கிட்ட. அவரு விளையாடுறாரு. ஒயின் ஊத்துனா கட்டிப்புடிச்சு அழப்போறாரு, அவ்வளவுதான்."

அவள் போகவில்லை. நான் வேண்டாம் என்றால் கேட்பவள்தான்.

டிசம்பரில் மக்காரியோ வீட்டில் பன்றி அறுத்தார்கள். அந்த ஊரில் அதுதான் திருவிழா. பன்றியின் அலறல் அடங்குவதற்கு முன்பே கோப்பைகள் வந்துவிடும். தெருவே அங்கே இருந்தது. பெண்கள் குடலைக் கழுவினார்கள், ஆண்கள் அறிவுரை சொன்னார்கள். காசில்தா காலையிலேயே மேட்டுக் கொட்டிலுக்குப் போயிருந்தாள். ஒரு ஆடு குட்டி போடும் நிலையில் இருந்தது. நடுப்பகல் தாண்டிப் பனி இறங்கியது.

அன்று மணி ஒழுங்காக அடிக்கப்படவில்லை. முறைக்கோல் எங்கள் வாசலில் இருந்ததாக மக்காரியோ பிறகு சொன்னார். அவர் வாசலில் இருந்ததாக நான் சொன்னேன். உண்மையில் அது இரண்டு வாசலுக்கும் நடுவில் தெருவில் விழுந்து, பன்றியைக் கழுவிய தண்ணீரில் கிடந்தது.

அவளை மறுநாள் கல்லுக்குழியின் அடியில் கண்டெடுத்தார்கள். ஆட்டுக்குட்டியை மேல்கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தாள். அதுவும் இறந்திருந்தது.

ஊர்க்கூட்டம் நடந்தது. எனக்கு உட்கார இடமில்லை என்பதால் கதவருகே நின்றேன். ஊர்த்தலைவர் ஒனோஃப்ரே எழுந்தார். சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே பேசுபவர். அன்று எடுத்தார்.

"பனி கொண்டுபோச்சு. வேற என்ன சொல்றது."

பனி கொண்டுபோச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவர்கூட மக்காரியோவின் பக்கம் திரும்பவில்லை. மக்காரியோவும் அதையே சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கூட்டம் கலைந்ததும் என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பன்றியின் இரத்தமும் அரிசியும் அடைத்த குடலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"சாப்புடு தம்பி. நீ பட்டினி கெடந்தா அவளுக்குத்தான் வருத்தம்."

அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து இன்றுவரை எதைச் சாப்பிட்டாலும் அப்படித்தான். நன்றாக இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

வசந்தத்தில் நான் ஊருக்கு ஒயின் ஊற்றினேன்.

நீங்கள் ஆச்சரியப்படுகிறீர்கள். அவர்கள் ஆச்சரியப்படவில்லை. துக்கம் என்னைப் பணிய வைத்துவிட்டது என்று நினைத்தார்கள். மனிதனைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் காளையைப் பார்த்துக் கற்றது. நல்ல ஒயினாகத்தான் வாங்கினேன். ஒனோஃப்ரே என் கையைப் பிடித்து, இனி உன் வீட்டுப் புகை எங்கள் புகை என்றார். மக்காரியோ கட்டிப்பிடித்து அழுதார். காசில்தா சொன்னது சரியாக இருந்தது. அவர் மனைவி பசிலிசா என் கன்னத்தில் முத்தமிட்டு, "இனிமே என்னை அத்தைன்னு கூப்புடு" என்றாள். கூப்பிட்டேன்.

இலையுதிர்காலம் வந்தபோது முறைக்கோலை மக்காரியோ சாய்த்து வைக்கவில்லை. என் கையிலேயே கொடுத்தார். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று தடவை சிறிய பனி இறங்கியது, வெளியே யாரும் இல்லை. அந்த நாட்களில் பனி விலகியதும் நான் கோலை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவில்லை. "போன வருஷம் உங்களுக்குப் பட்ட கடன், இந்தக் குளிர்காலம் முழுக்க நானே இழுக்கிறேன்" என்றேன். அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். தன் வேலையை இன்னொருவன் செய்கிறேன் என்றால் நெகிழாத ஊர் எது.

மக்காரியோ மேட்டுக் கொட்டிலில் இருக்கும்போது பனி இறங்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன். குட்டி போடும் காலத்தில் அவர் தினமும் போவார், ஆகவே நீண்ட நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மணியை அடிக்காமலே இருந்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். அது உதவாது. மணி கேட்காவிட்டால் மக்காரியோ கொட்டிலை விட்டு நகர மாட்டார். அங்கே சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது. ஆடுகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் வருவார். மேட்டு வெளியில் பிறந்தவன் எவனும் மணி இல்லாமல் பனியில் இறங்க மாட்டான். அவனைக் கிளப்புவது மணிதான். ஆகவே மணி அடிக்க வேண்டும். நன்றாக அடிக்க வேண்டும்.

அன்று பனி வெள்ளைச் சுவர் மாதிரி வந்தது. நான் கோயிலுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். நான்கைந்து அடி விழுவதற்குள் பசிலிசா வந்தாள். சட்டியில் பூண்டு சூப், மேலே ரொட்டித் துண்டு.

"ரெண்டு வாய் குடிச்சுக்கிட்டே இழு மாப்ளே. அவரு மேலதான் இருக்காரு."

"கொட்டில்லயே தங்கிட மாட்டாரா அத்தை?"

"அவரா? மணி கேட்டுடுச்சுல்ல, கெளம்பியிருப்பாரு. அடுப்புல அவரைக்காயும் பன்னிக் காதுக்கறியும் கொதிக்குது. அந்த வாசனைக்கே கால் தன்னால நடக்கும் அவருக்கு."

அவள் முதல் வரிசையில் மண்டியிட்டு ஜெபமாலையைத் தொடங்கினாள். சத்தமாகச் சொல்பவள். அது எனக்குத் தேவையாக இருந்தது. செப்டம்பரில் ஒருநாள் நானும் அவளும் கொட்டிலிலிருந்து ஒன்றாக நடந்து வந்தோம். அவள் நடக்கும்போதும் ஜெபமாலை சொல்வாள். கொட்டில் வாசலில் தொடங்கினால், வழி வலப்பக்கம் வளையும் இடத்தில் ஜெபமாலை முடிந்து மன்றாட்டு மாலை ஆரம்பிக்கும். அதை அவளே பெருமையாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கும் என் நடைதான். கூட நடந்து நடந்து பழகிப்போச்சு" என்றாள். அவர்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. தேவையும் இல்லை.

நான் சீராக அடித்தேன். நன்றாக அடித்தேன். அந்தக் குளிர்காலத்திலேயே நன்றாக அடித்தது அன்றுதான். பசிலிசா அருள்நிறை மந்திரங்களை ஒவ்வொன்றாக உருட்டினாள். மன்றாட்டு மாலைக்கு வந்தாள். ஒவ்வொரு வரிக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று முடித்தாள். சில வரிகள் போக விட்டேன். அவர் வளைவில் நன்றாக இறங்கியிருக்க வேண்டும், மணி இடது காதில் இருக்க வேண்டும்.

பிறகு நிறுத்தினேன்.

அவள் இன்னும் ஒன்றிரண்டு முறை வேண்டிக்கொள்ளும் என்றாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் மாப்ளே நிறுத்திட்ட?"

"கை உரிஞ்சுபோச்சு அத்தை."

"காட்டு."

உண்மையாகவே உரிந்திருந்தது. அவள் என் கையை எடுத்து ஊதினாள். தலைத்துணியைக் கிழித்து முதலில் வலது கையைச் சுற்றினாள், பிறகு இடது கையை. பொறுமையாக, முடிச்சை உள்ளே மடித்து. கயிறு எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கியது. அவளுக்கு எட்டும். நான் தடுத்திருக்க மாட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் கயிற்றைப் பார்த்தாள். தொடவில்லை. முறை என்னுடையது.

"சீக்கிரம் இழுப்பா. நான் வேணா ஒனோஃப்ரேவக் கூட்டிட்டு வர்றேன்."

கூட்டி வந்தாள். அவர் சுருட்டோடு வாசலில் நின்றார்.

"என்னப்பா, வலிக்குதா?"

"கொஞ்சம். நீங்க இழுக்கிறீங்களா?"

"உன் முறையில நான் கை வச்சா உன் வீட்டுக்கு அசிங்கம்டா. மூச்சு வாங்கிக்க. வாங்கிட்டு இழு. நாங்க இருக்கோம்."

அவர்கள் இருந்தார்கள். இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் முற்றத்தில் நின்று பனியைப் பார்த்தார்கள். அந்த ஊரில் மணிக்கயிறு இழுக்கத் தெரியாதவன் ஒருவனும் கிடையாது. நான் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவனாவது ஒருவன் என்னைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தால் மக்காரியோ அவரைக்காயைச் சாப்பிட்டிருப்பார். தூரத்தில் அவருடைய நாய் குரைத்தது. இடம் மாறாமல், ஒரே இடத்தில் நின்று குரைத்தது. அதன் பிறகு நான் எழுந்து மறுபடி அடித்தேன். இருட்டும்வரை அடித்தேன். கட்டுத்துணியில் இரத்தம் ஊறியது. பெண்கள் அதைப் பார்த்து அழுதார்கள்.

மறுநாள் கல்லுக்குழியிலிருந்து அவரை ஏற்றி வந்தார்கள். கூட்டம் நடந்தது. இந்தத் தடவை எனக்கு உட்கார இடம் இருந்தது. ஒனோஃப்ரே சுருட்டை எடுத்துவிட்டு, பனி கொண்டுபோச்சு என்றார். எல்லோரும் சொன்னார்கள்.

பசிலிசா எழுந்தாள். இப்போது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கண் முன்னால்தானே நிறுத்தினேன்.

"இந்தப் புள்ளயோட கையப் பாருங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்காக இந்தக் கை என்ன பாடு பட்டிருக்குன்னு பாருங்க."

பார்த்தார்கள். ஒருவன் என் தோளைத் தட்டினான். அடுத்த வாரம் அவள் மக்காரியோவின் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். உனக்குப் பொருந்தும் என்றாள். தோளில் கொஞ்சம் அகலம், மற்றபடி சரியாக இருக்கிறது. இப்போது போட்டிருப்பது அதுதான். ஊர்க்கூட்டம் என்னை நிரந்தர மணிக்காரனாக்கப் போகிறதாம். அப்படி ஒரு பதவி இதுவரை இருந்ததில்லை. எனக்காக உண்டாக்குகிறார்கள்.

அதனால்தான் இங்கே வந்தேன். பயந்து வரவில்லை. மனம் உறுத்தியும் வரவில்லை. ஒரு ஊருக்கு நடுவில், பகலில், எல்லோர் கண்ணெதிரிலும் ஒருவரைக் கொன்றிருக்கிறேன். ஒருவனாவது ஏன் என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. நன்றி சொல்கிறார்கள். அவர்களோடு இருந்தால் நான் செய்ததும் பனி செய்ததாக ஆகிவிடும்.

நீங்கள் கேட்டீர்கள். இந்தப் பகுதியில் முதல் ஆள் நீங்கள்தான். மணி நின்றால் அவர் அங்கேயே நின்றிருக்கலாமே, குழியின் பக்கம்தான் திரும்புவார் என்று எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்கிறீர்கள்.

நிற்க மாட்டார்கள். சிறிது நேரம் நிற்பார்கள். குளிரும். பிறகு கடைசியாகச் சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பி, அதை நோக்கி நடப்பார்கள். காசில்தாவின் காலடிகள் வளைவில் தரையில் உறைந்திருந்த பனியில் பதிந்திருந்தன. நான் பார்த்தேன். ஓரிடத்தில் நின்றிருக்கிறாள், காலை மாற்றி மாற்றி மிதித்திருக்கிறாள். அங்கிருந்து இடப்பக்கம்.

ஆமாம். அன்றும் மணி அடித்தது. அடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காக அடிக்கப்படவில்லை என்றேன்.

பனி இறங்கியதும் மக்காரியோ போவார் என்று பார்த்தேன். அவர் பன்றியோடு இருந்தார். நான் கோயிலுக்குப் போனேன். நான்தான் கயிற்றைப் பிடித்தேன். நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தேன், அவள் பாதி வழி வந்திருக்கும் அளவுக்கு. அப்போது அவர் வாசலில் வந்து நின்றார். இரத்தம் படிந்த மேல்துணி, கையில் கோப்பை. பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"அடி சக்கை. காலேஜ் கயித்துக்கு வந்துடுச்சு பாருங்கடா. இழு மாப்ளே, இழு. இழுத்துட்டா நீயும் நம்ம ஆளுதான். ஒயின எப்ப ஊத்துற?"

நான் கயிற்றை விட்டேன்.

"முறை உங்களோடது. நீங்களே இழுங்க."

"தொட்டது நீ. முடிக்க வேண்டியதும் நீதான்" என்றார். கண்ணைச் சிமிட்டினார். சிரித்துக்கொண்டே பன்றிக்குத் திரும்பிப் போனார்கள். அவர் தலை மறைந்ததும் நான் மறுபடி பிடித்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கயிறு ஆடி ஆடி மெல்ல நின்றது. அவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போகும்வரை பார்த்தேன். அவள் வழியில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட், வார்த்தை மாறாமல். என் மனைவியைக் கொன்றவர் மக்காரியோ. கயிறு என் கையில் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் முறை அவருடையது.